நூற்றிரண்டில் ஒரு மேடு

கெமி தாள் ஆலையிலிருந்து வந்த குழாய்த் துண்டு
என் கட்டைவிரல் நகத்தளவு.
வெல்டிங் தழும்பை ஒட்டி
கடுகு அழுந்தின மாதிரி நான்கு குழிகள்.
"துருப்பிடிக்காதென்று சொல்லி விற்றார்கள்"
என்று ஃபோனில் சிரித்தாள் வுவோக்கோ.
அவளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, சீக்கிரமாக.

துருப்பிடிக்காத ஸ்டீல் என்று ஒன்று கிடையாது.
முந்திக்கொண்டு, மிக மெல்லிசாக,
தானே துருப்பிடித்துக்கொண்ட ஸ்டீல்தான் உண்டு.
குரோமியம் காற்றைத் தொட்டதும் போர்த்திக்கொள்ளும் படலம்:
இரண்டு நானோமீட்டர், மிஞ்சிப்போனால் மூன்று.
ஆலை முழுக்க அதை நம்பித்தான் ஓடுகிறது.

இரவெல்லாம் பம்பு ஓடியது.
வெளியே ஊலு நகரம் மைனஸ் இருபத்தேழில்
புகைபோக்கிகளை நிமிர்த்தி நின்றது.
உள்ளே, காற்று ஏறக்குறைய இல்லாமல் போனபின்
எக்ஸ்-கதிரைத் திறந்தேன்.

கதிர் ஆழமாய்ப் போகும், அதற்கென்ன.
வெளியே வரவேண்டியது எலக்ட்ரான்.
ஆழத்தில் கிளம்புவது வழியெல்லாம் இடிபட்டு
சொல்ல வந்ததைத் தொலைத்துவிடும்.
மேல்தோலுக்குப் பக்கத்தில் கிளம்புவது மட்டும்
ஊரும் பேரும் மாறாமல் வந்து சேரும்.
வேகத்தை அளந்தால் தெரிந்துவிடும்,
யாரை விட்டு வந்தது, எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார்கள் என்று.

ஐந்நூற்று எழுபத்துநான்கில் குரோமியம், உலோகமாக.
எழுபத்தேழில் அதே குரோமியம், ஆக்சிஜனோடு குடித்தனமாக.
இருநூற்று எண்பத்தைந்துக்குக் கொஞ்சம் முன்னால் கரி.
கரி எதிலும் இருக்கும், யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை;
அதை வைத்துத்தான் மற்றதை எண்ணத் தொடங்குவோம்.
பிறகு, இருக்கக்கூடாத இடத்தில்,
நூற்றிரண்டில் ஒரு மேடு.

சிலிக்கான்.
தெறிப்பு ஒட்டாமலிருக்க வெல்டர்கள் அடிக்கும் ஸ்ப்ரேயில்
சிலிக்கோன் இருக்கும். எல்லாம் பொருந்தியது.
வெள்ளிக்கிழமை மூன்று நாற்பதுக்கு அறிக்கை போனது.
"காரணமாக இருக்கலாம்" என்று எழுதினேன்.
"இருக்கலாம்" என்பதை
ஆலையில் யாரும் படிப்பதில்லை.

திங்கள்கிழமை, கருவியைச் சரிபார்க்கத் தங்கத் தகடு வைத்தேன்.
தங்கத்தை யாரும் வெல்ட் செய்யவில்லை.
நூற்றிரண்டில் அதே மேடு.

இல்ப்போ திரையைப் பார்க்கவில்லை.
என் மேசையைப் பார்த்தான்.
பாதி பிதுக்கிய கைக்கிரீம்.
எடுத்துப் பின்பக்கம் சத்தமாகப் படித்தான்:
தண்ணீர், கிளிசரின், டைமெதிகோன்.
"டெர்ஹி," என்றான், "இதுவும் சிலிக்கோன்தான்."

நவம்பரிலிருந்தே என் விரல்முட்டிகள் வெடித்துக்கிடக்கும்.
கையுறை போட்டேன், ஆமாம்.
கிரீம் தடவிய விரலால் இழுத்துப் போட்டேன்.
பத்து வருடமாக மாணவர்களிடம்
செய்யாதே என்று சொல்லிவரும் அதே காரியம்.

வுவோக்கோவுக்கு எழுதினேன். பதில் ஒரே வரி:
ஆர்த்து குயிவாஸ், வெல்டர், ஒப்பந்தம் ரத்து, சனிக்கிழமை.
நான் எழுதாத பெயர் அது.
என் மேடுதான் எழுதியது.

மிச்சத் துண்டிலிருந்து புதிதாக ஒன்று வெட்டினோம்.
கிரீம் இல்லை. உள்ளே ரத்தம் கசிந்தாலும்
இரண்டு அடுக்குக் கையுறை.
நூற்றிரண்டு தட்டை, ஜனவரியில் உறைந்த கடல் மாதிரி.
தழும்போரம் குரோமியம் மெலிந்திருக்கிறது,
இரும்பு ஆக்சைடு தடித்திருக்கிறது,
நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் கொஞ்சம் குளோரின்.
எவ்வளவு என்று கருவி சொல்லும்.
எவரால் என்று சொன்னதே இல்லை;
அதை நான் சேர்த்துக்கொண்டேன்.

வெல்டுக்குப் பிறகு குழாயை அமிலத்தில் கழுவினீர்களா
என்று ஆலையைக் கேட்டிருக்கிறேன்.
இன்னும் பதில் இல்லை.

இல்ப்போ எங்கேயோ விசாரித்து
ஒரு ஃபோன் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துப் போனான்.
மடித்த இடத்தில் கிரீம் வாசனை.
அழுத்துகிறேன்.
மணி போகிறது.